பேட்டரி பார்சலும் யுஎன் 38.3-உம்: கவுண்டரில் எந்தக் காகிதத்தைக் காட்டுவது

கோவையில் லித்தியம் பேட்டரி போட்ட சோலார் லாந்தர் செய்து விற்கும் ஓர் அக்காவின் ஏற்றுமதிப் பார்சல் சென்னை கார்கோவிலிருந்து மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை, "எம்எஸ்டிஎஸ் இல்லை" என்றார்கள். அந்த ரசாயன விவரத்தாளை வாங்கிக் கொடுத்தார். அடுத்த முறை, "38.3 எங்கே?" இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தந்த சான்றிதழை நீட்டினார், எடுபடவில்லை. அப்புறம் அலைந்து திரிந்து ரிப்போர்ட்டோடு போனால், "இது பழசும்மா, இந்த வருஷத்தது வேணும்." ஒவ்வொரு தடவையும் லாரி வாடகை அவர் தலையில். இந்த மூன்றில் நியாயமான கேள்வி இரண்டாவது மட்டும்தான்.

யுஎன் 38.3 என்பது ஐநா சோதனைக் கையேட்டின் ஒரு பிரிவு. லித்தியம் பேட்டரி பயணத்தைத் தாங்குமா என்று பார்க்கும் 8 சோதனைகள் அதில் இருக்கின்றன. பேட்டரியை 72 டிகிரி சூட்டில் 6 மணி நேரம், உடனே மைனஸ் 40-ல் 6 மணி நேரம் என்று 10 முறை மாற்றி மாற்றி வைப்பார்கள். அதே பேட்டரியை அப்புறம் அதிர வைப்பார்கள், ஷார்ட் சர்க்யூட் செய்வார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

பிஐஎஸ் பதிவு வேறு, இது வேறு. ஐஎஸ் 16046 பதிவு இந்தியாவில் விற்பதற்கு. அதைக் காட்டி விமானத்தில் ஏற்ற முடியாது. எம்எஸ்டிஎஸ் ரசாயன விவரத்தாள், அதுவும் சோதனைச் சான்று ஆகாது. உங்களுக்கு வேண்டியது 'டெஸ்ட் சம்மரி' என்ற சுருக்க அறிக்கை. 2020 ஜனவரி 1 முதல் தயாரிப்பாளரும், அவரிடம் வாங்கி விற்பவரும் இதைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். பணம் கைமாறிய பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான் வரும்.

அதிகம் பேர் ஏமாறுவது செல்லுக்கும் பேக்குக்கும் உள்ள வித்தியாசத்தில். 18650 என்ற உருளை வடிவ செல்லை வாங்கி, ஆறைச் சேர்த்து வெல்டு வைத்து, பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சர்க்யூட் போட்டுப் பேக் ஆக்குகிறீர்கள். செல்லுக்கு ரிப்போர்ட் இருக்கிறது, சரி. பேக்குக்குத் தனியாகச் சோதனை வேண்டும், செல் ரிப்போர்ட் பேக்கைக் காப்பாற்றாது. இதைச் செல் விற்பவர் சொல்ல மாட்டார்.

'சின்ன பேட்டரிதானே' என்பதும் ஆபத்தான பேச்சு. செல் 20 வாட்-அவருக்குள், பேட்டரி 100 வாட்-அவருக்குள் இருந்தால் சில சலுகைகள் உண்டு. ஆனால் அவை பேக்கிங்கிலும் காகிதத்திலும்தான், சோதனையில் கிடையாது. வாட்-அவர் என்பது வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கியது. 3.7 வோல்ட், 10,000 எம்ஏஎச் என்றால் 37. அதுவும் பேட்டரியின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.

பேட்டரி லாந்தருக்குள் இருந்தால் அதன் அபாயச் சரக்கு எண் யுஎன் 3481, வேலை சுலபம். தனிப் பேட்டரி என்றால் யுஎன் 3480. 2016 ஏப்ரலிலிருந்து பயணிகள் விமானத்தில் அது சரக்காகப் போகாது. சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2022 முதல் தனியாகப் போகும் சின்னவற்றுக்கும் அந்தக் காகிதச் சலுகை இல்லை, முறையான அபாயச் சரக்கு உறுதிமொழி வேண்டும். பவர் பேங்க்கும் இந்தக் கணக்கில் தனிப் பேட்டரிதான். "அது ஒரு சாதனம் சார்" என்று கவுண்டரில் வாதாடிப் பயனில்லை.

ஸ்பேர் பேட்டரியைத் தனிப் பார்சலாக அனுப்பாமல் லாந்தரோடு ஒரே பெட்டியில் வைத்தால் பாதித் தலைவலி போய்விடும். சாதனம் ஓடத் தேவையானதும், மேற்கொண்டு இரண்டு செட்டும் வைக்கலாம். ஆனால் 2026 ஜனவரி முதல் இதற்கும் 30 சதவீத வரம்பு வந்துவிட்டது. மிகச் சிறிய பேட்டரிகளுக்குத்தான் விலக்கு.

டெஸ்ட் சம்மரி கைக்கு வந்ததும் மாடல் எண்ணை எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். நான் பார்த்த ஒரு பிடிஎஃப்பில் மாடல் எண் மட்டும் வேறு ஃபாண்ட்டில் இருந்தது. ரிப்போர்ட் எண்ணை அந்த ஆய்வகத்துக்கே மின்னஞ்சலில் அனுப்பி, இது உங்களுடையதா என்று கேட்டுவிடுங்கள்.

சரி, "பழைய ரிப்போர்ட்" கதைக்கு வருவோம். 38.3 ரிப்போர்ட்டுக்குக் காலாவதித் தேதி இல்லை. சோதித்த காலத்துக் கையேட்டின்படி தேறியிருந்து, பேட்டரியின் வடிவமைப்பும் மாறாதிருந்தால் அது செல்லும். வாட்-அவர் 20 சதவீதத்துக்கு மேல் மாறினாலோ, வோல்ட் அந்த அளவு கூடினாலோ மறு சோதனை வேண்டும். புது ரிப்போர்ட் கேட்பவரிடம், எந்த விதியில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். விமான நிறுவனத்தின் சொந்த விதி என்றால் அதைக் காட்டட்டும். வாய்வார்த்தைக்காக இன்னொரு முறை சோதனைக் கட்டணம் கட்டாதீர்கள்.

ஏஜெண்ட் சிலர், "எல்இடி விளக்குன்னு மட்டும் போடுங்க, பேட்டரின்னு எழுதாதீங்க" என்பார்கள். மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் அனுப்புநராகக் கையெழுத்துப் போட்டவர், அதாவது நீங்கள்.

வாரன்டியில் திரும்பி வரும் உப்பிய பேட்டரி, எந்தக் காகிதம் இருந்தாலும் விமானத்தில் ஏறாது. லாந்தரைத் திருப்பி அனுப்பச் சொல்லும்போதே, பேட்டரியைக் கழற்றி அவர்கள் ஊரிலேயே மின்கழிவு சேகரிப்பில் கொடுக்கச் சொல்லிவிடுங்கள்.