எல்லாரும் குடிக்கிறார்கள் என்று எல்லாரும் நினைக்கும்போது

அமெரிக்கக் கல்லூரி வாழ்க்கையைத் திரையில் மட்டுமே பார்த்தவர்களுக்கு ‘பிராட்டர்னிட்டி’ (ஆண் மாணவர்களின் சங்கம்) என்றதும் ஒரே காட்சிதான் கண்முன் வரும். வெள்ளைத் தூண்கள் வைத்த பெரிய வீடு, வாசலில் இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள், உள்ளே சிவப்பு பிளாஸ்டிக் கோப்பையும் கையுமாகக் கூத்தடிக்கும் பணக்கார வெள்ளைக்காரப் பையன்கள். ‘சொராரிட்டி’ (மாணவிகளுக்கான அதே வகைச் சங்கம்) என்றால் ஒரே மாதிரி முடி, ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி சிரிப்போடு வரிசையாக நிற்கும் பெண்கள். இந்தப் பிம்பம் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது, முழு உண்மையும் கிடையாது. அது எப்படி உருவாகிறது, உருவான பிறகு உள்ளே இருப்பவர்களை என்ன செய்கிறது என்பதைச் சமூக உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். பிம்பம் வெளியே தொங்கும் படமாக மட்டும் இருப்பதில்லை, உள்ளே போய் வேலையும் செய்கிறது என்பதுதான் அந்த ஆய்வுகளில் என்னை அதிகம் பாதித்த விஷயம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் சில மாணவர்கள் ‘பை பீட்டா கப்பா’ என்ற ரகசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. அந்தச் சங்கம் பின்னாளில் நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. இன்றைய பாணிப் பிராட்டர்னிட்டிகள் 1825ல் நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் தொடங்கின. வெள்ளையர் சங்கங்களின் கதவு மூடியே கிடந்த காலத்தில் கறுப்பின மாணவர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்துக்கொண்டார்கள்: 1906ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, 1908ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. மார்ட்டின் லூதர் கிங் முதலாவதின் உறுப்பினர். சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986ல் இரண்டாவதில் சேர்ந்தார். அதிபர் தேர்தல் காலத்தில் அவருக்காக அந்தச் சங்கத்தின் நிறங்களான இளஞ்சிவப்பு, பச்சை உடையில் திரண்ட பெண்கள் கல்லூரி முடித்துப் பல ஆண்டுகள் ஆனவர்கள். அந்தச் சங்க உறுப்புரிமை ஆயுளுக்கும் தொடர்வது.

மேலே சொன்ன சினிமாக் காட்சியில் இவர்களில் ஒருவருக்கும் இடமில்லை. ஏன்?

1982ல் பெர்னாடெட் பார்க், மைரன் ராத்பார்ட் என்ற இரு உளவியலாளர்கள் இதற்கு ஒரு பாதி விடையைக் கொடுத்தார்கள். மூன்று சொராரிட்டிகளைச் சேர்ந்த 90 பெண்களிடம், தங்கள் சங்கத்துப் பெண்கள் ஒருவருக்கொருவர் எந்த அளவு ஒத்தவர்கள், மற்ற இரண்டு சங்கத்துப் பெண்கள் எந்த அளவு ஒத்தவர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொரு சங்கமும் ஒரே மாதிரி பதில் சொன்னது: எங்கள் ஆட்கள் பலவிதம், அந்தச் சங்கத்து ஆட்கள் எல்லாம் ஒரே ரகம். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே இருப்பவர்களே அடுத்த வீட்டை அப்படித்தான் பார்க்கிறார்கள். நம் ஆட்களை நாம் சமையலறையிலும் தேர்வுக்கு முந்தின இரவிலும் அழுகையிலும் பார்க்கிறோம். அடுத்த கூட்டத்தாரை அவர்கள் கூட்டமாக வரும்போது மட்டுமே பார்க்கிறோம்.

மீதிப் பாதி, நினைவு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அதே ராத்பார்ட் 1978ல் தன் குழுவினரோடு நடத்திய சோதனையில், ஒரு கூட்டத்தைப் பற்றிய சிறு குறிப்புகளைப் படிக்கக் கொடுத்தார். அதில் குற்றம் செய்தவர்களின் எண்ணிக்கை படித்த எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் சிலர் படித்தது சில்லறைக் குற்றங்களை, சிலர் படித்தது கொலை போன்ற கொடிய குற்றங்களை. பிறகு ‘எத்தனை பேர் குற்றம் செய்தவர்கள்?’ என்று கேட்டால், கொடிய குற்றங்களைப் படித்தவர்கள் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னார்கள். கோரமானது எளிதில் நினைவுக்கு வரும். எளிதில் வருவதை மனம் ‘நிறைய இருக்கிறது’ என்று கணக்குப் போட்டுவிடும். ஒரு பிராட்டர்னிட்டியில் நடக்கும் சாவு நாடு முழுக்கச் செய்தியாகும், இன்னொன்று நடத்தும் ரத்ததான முகாம் வளாகத்தைத் தாண்டாது. நல்லவிதமான ஓர் உறுப்பினரைச் சந்தித்தாலும் ‘இவன் விதிவிலக்கு’ என்று தனியே வைத்துவிடுவோம். பிம்பத்தில் கீறல் விழாது.

இவ்வளவோடு நின்றால் இது வெளியாட்களின் கண் கோளாறு என்று முடித்துவிடலாம். ஆனால் எண்கள் அப்படி விடுவதில்லை. ஹார்வர்டின் ஹென்றி வெக்ஸ்லர் 1993ல் 140 கல்லூரிகளில் நடத்திய ஆய்வில், ஒரே அமர்வில் அளவுக்கு மீறிக் குடிக்கும் மாணவர்கள் மொத்தத்தில் 44 சதவீதம். பிராட்டர்னிட்டி இல்லங்களில் தங்கியிருந்தவர்களிலோ ஐந்தில் நான்கு பேருக்கும் மேல்.

பிம்பம் காந்தம்போல இழுப்பது இதற்கு ஒரு காரணம். பள்ளியிலேயே குடிக்கத் தொடங்கியவன் ‘அங்கேதான் பார்ட்டி’ என்று தேடிப் போகிறான், அது பிடிக்காதவன் வாசலோடு திரும்பிவிடுகிறான். தேசிய அளவிலான பெரிய சொராரிட்டிகள் தங்கள் இல்லங்களில் மதுவை அனுமதிப்பதில்லை. அதனால் பார்ட்டிகள் ஆண்களின் இல்லங்களிலேயே நடக்கின்றன. யாரை உள்ளே விடுவது, என்ன ஊற்றுவது என்பதெல்லாம் அவர்கள் கையில் போய்விடுகிறது. பெண்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த ஏற்பாட்டைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

சேர்ந்த பிறகு குடி இன்னும் கூடுகிறது. கென்னத் ஷெர் குழுவினர் மிசௌரி பல்கலைக்கழக மாணவர்களைக் கல்லூரி முடித்த பிறகும் தொடர்ந்து கவனித்து 2001ல் வெளியிட்ட ஆய்வில், சங்க உறுப்பினர்கள் கல்லூரிக் காலம் முழுக்க அதிகம் குடித்தார்கள். படிப்பு முடிந்து மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் மற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் காணவில்லை. அப்படியென்றால் கூடுதல் குடிக்கு இவர்களின் குணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ‘இங்கே எல்லாரும் இப்படித்தான்’ என்ற எண்ணத்துக்கும் அதில் பெரிய பங்கு இருந்தது. 2018ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மெக்கேப் குழு நாடளாவிய தரவை வைத்து வேறுவிதமாகச் சொன்னது: பிராட்டர்னிட்டி இல்லத்தில் தங்கியிருந்தவர்களில் 45 சதவீதத்தினரிடம் 35 வயதிலும் மதுப் பிரச்சினையின் அறிகுறிகள் தெரிந்தன. சிலருக்குப் பழக்கம் கூடவே வந்துவிடுகிறது.

‘எல்லாரும் இப்படித்தான்’ என்ற எண்ணத்தைத் தனியே எடுத்துப் பார்த்தவர்கள் டெபோரா பிரெண்டிஸும் டேல் மில்லரும். பிரின்ஸ்டன் மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். வளாகத்தில் குடிக்கிற அளவு உனக்குச் சம்மதமா? சராசரி மாணவனுக்குச் சம்மதமா? 1993ல் வெளியான முடிவு இதுதான்: எனக்கு அவ்வளவாகச் சம்மதமில்லை, ஆனால் மற்றவர்களுக்குச் சம்மதம் என்று மாணவர்கள் நம்பினார்கள். எல்லாரும் அப்படியே நம்பினால் அந்த ‘மற்றவர்கள்’ யார்? பார்ட்டியில் எல்லாரும் சிரித்த முகத்தோடு கோப்பையைப் பிடித்திருப்பதால் ஒருவரின் தயக்கம் இன்னொருவருக்குத் தெரிவதில்லை. ஒரு பருவம் முடிவதற்குள் ஆண் மாணவர்கள் தங்கள் சொந்தக் கருத்தையே அந்த இல்லாத சராசரியை நோக்கி நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

உறுப்பினராகும் முன் புதியவர்களைப் படுத்தும் பாட்டை அங்கே ‘ஹேசிங்’ என்பார்கள். பட்ட கஷ்டம் பிடிப்பைக் கூட்டும் என்ற கருத்துக்கு அடித்தளம் எலியட் ஆரன்சனும் ஜட்சன் மில்ஸும் 1959ல் செய்த சோதனை. ஒரு விவாதக் குழுவில் சேர வந்த 63 கல்லூரிப் பெண்களில் சிலரை, எதிரே அமர்ந்த ஆண் ஆய்வாளரிடம் 12 ஆபாசச் சொற்களையும் இரண்டு பச்சையான வர்ணனைகளையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். சிலருக்கு மிதமான சொற்கள், சிலருக்கு ஒன்றுமில்லை. பிறகு எல்லாருக்கும் விலங்குகளின் பாலியல் நடத்தை பற்றி வேண்டுமென்றே சலிப்பாகப் பதிவுசெய்த உரையாடலைப் போட்டார்கள். கூச்சத்தில் நெளிந்து உள்ளே வந்தவர்களுக்குத்தான் அது அதிகம் சுவாரஸ்யமாகப் பட்டது. ‘இவ்வளவு பட்டது வீணா?’ என்ற கேள்விக்கு மனம் கொடுத்த பதில் அது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் சில நிமிடக் கூச்சம் வேறு, நிஜ இல்லத்தில் வாரக்கணக்கான வதை வேறு. ஆல்டோ சிமினோவும் சக ஆய்வாளரும் ஒரு பிராட்டர்னிட்டியின் புதியவர்களை அடுத்தடுத்த தொகுதிகளாகத் தொடர்ந்து கவனித்து 2022ல் வெளியிட்டபோது, ஹேசிங் ஒற்றுமையை வளர்க்கிறது என்பதற்குச் சொல்லிக்கொள்ளும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. ‘இதனால்தான் நாங்கள் சகோதரர்கள்’ என்று சொல்லி இதை நியாயப்படுத்துபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஒரு பிராட்டர்னிட்டி இல்லத்தில், புதிதாகச் சேர்ந்த 19 வயது மாணவனுக்கு 82 நிமிடங்களில் 18 முறை மது கொடுத்ததாக அரசுத் தரப்பு சொன்னது. விதிப்படி அது மதுவே இருக்கக் கூடாத இல்லம். அவன் படிக்கட்டில் விழுந்தான். உதவிக்கு ஆள் கூப்பிட ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனது. நடந்ததை அந்த வீட்டின் கேமராக்களே பதிவு செய்திருந்தன. தூக்கிக் கிடத்தினார்கள், மல்லாந்து மூச்சு முட்டாமல் இருக்க முதுகில் பை மாட்டிவிட்டார்கள், தாண்டிப் போனார்கள். சங்கத்தின் இளைய உறுப்பினன் ஒருவன் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினான், அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். மறுநாள் இரவைத் தாண்டி அந்த மாணவன் பிழைக்கவில்லை. ‘அந்தக் கூட்டமே அப்படித்தான்’ என்று ஒரே வரியில் முடிக்கும்போது, கத்திய அந்தப் பையனும் கணக்கில் காணாமல் போகிறான். அவனைப்போலவே மனதுக்குள் பதறிக்கொண்டு, மற்றவர் முகத்தில் பதற்றம் இல்லாததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இந்த மாயையைக் கலைக்க முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1998ல் கிறிஸ்டீன் ஷ்ரோடரும் பிரெண்டிஸும் முதலாண்டு மாணவர்களில் ஒரு பகுதியினரை உட்காரவைத்து, ‘மற்றவர்களுக்குச் சம்மதம் என்று நீ நினைக்கிறாய், அவர்களும் உன்னைப் பற்றி அப்படியே நினைக்கிறார்கள்’ என்பதைப் பேசவைத்தார்கள். பொறுப்பாகக் குடிப்பது எப்படி என்ற வழக்கமான அறிவுரையைக் கேட்ட மற்றப் பகுதியினரைவிட, பல மாதம் கழித்தும் இவர்கள் குறைவாகக் குடித்தார்கள்.

2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஹேசிங்குக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டம் ஒன்று கையெழுத்தானது. எந்த மாணவர் அமைப்பு விதியை மீறியது, என்ன செய்தது, என்ன தண்டனை என்பதைக் கல்லூரிகள் அமைப்பின் பெயரோடு இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கிறது அது. பிள்ளையை அங்கே படிக்க அனுப்பும் நம் குடும்பங்களும் அந்தப் பக்கத்தைத் திறந்து, பிள்ளை சேர நினைக்கும் சங்கத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம்.