கோமாரி ஊசி ஏன் இலவசம்?

கோமாரித் தடுப்பூசி கிடைக்காத மருந்து ஒன்றும் இல்லை. பெரிய பால் பண்ணைக்காரர்கள் காசு கொடுத்தே வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அப்படியும், 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கென்று 13,343 கோடி ரூபாயை மத்திய அரசு முழுக்கத் தன் செலவிலேயே ஒதுக்கியது. அதுவும் கோமாரி, புருசெல்லோசிஸ் (கன்று வீச்சு நோய்) என்ற இரண்டே நோய்களுக்காக. மாடு வைத்திருப்பவரே ஊசியையும் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஏன் விடவில்லை? ஓட்டுக் கணக்கு இருக்கலாம். அதைவிட வலுவான காரணம் அந்த வைரஸின் குணத்திலேயே இருக்கிறது.

கோமாரியைக் கால்காணை, வாய்க்காணை என்றும் சொல்வார்கள். காய்ச்சல் வரும், எச்சில் நூல் நூலாக ஒழுகும், நாக்கிலும் ஈறிலும் குளம்புப் பிளவிலும் கொப்புளம் கிளம்பும். கொப்புளம் உடைந்தால் நாக்கின் மேல்தோல் அப்படியே உரிந்து வந்துவிடும். மாடு தீனி எடுக்காது, நடக்காது. வளர்ந்த மாடு பெரும்பாலும் சாவதில்லை. கன்றுதான் சாகும், ஏனென்றால் இளம் உடலில் இந்த வைரஸ் இதயத் தசையைத் தாக்குகிறது. நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்த கன்று இன்று பொத்தென்று விழும். அறுத்துப் பார்த்தால் இதயத்தில் வெளிறிய வரிகள் தெரியும். பிழைத்த கறவை மாடு பழைய அளவுக்குக் கறக்காமலே போகலாம். வெயிலில் நாய் போல மூச்சிரைக்கிற மாடுகளும் உண்டு.

கெட்டிக்கார வைரஸ் இது. கொப்புளம் கண்ணுக்குத் தெரியும் முன்பே பாலிலும் மூச்சிலும் எச்சிலிலும் வெளியேறத் தொடங்கிவிடும். 1981இல் பிரான்சின் பிரிட்டனிப் பகுதிப் பன்றிகளிடமிருந்து கிளம்பிய வைரஸ், கடலைத் தாண்டி ஏறத்தாழ 250 கிலோமீட்டர் காற்றில் போய் இங்கிலாந்தின் வைட் தீவு மாடுகளைப் பிடித்தது. நம் பக்கம் அதற்கு அவ்வளவு சிரமம் கிடையாது. சந்தை இருக்கிறது, மினி லாரி இருக்கிறது. பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கோமாரி என்று கேள்விப்பட்டதும், தன் மாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடத்தான் பலருக்கும் தோன்றும். அந்த மாடு சந்தையில் நிற்கிற அரை நாளில் எத்தனை மாடுகளோடு உரசியிருக்கும்? 2013இன் இறுதியில் தமிழகத்தில் கோமாரி வேகமாகப் பரவியபோது பல மாவட்டங்களில் மாட்டுச் சந்தைகளை மூட வேண்டிவந்தது இதனால்தான்.

ஆக, நான் என் மாட்டுக்கு ஊசி போட்டால் அதன் பலனில் ஒரு பங்கு பக்கத்துத் தொழுவத்துக்குப் போகிறது. நான் போடாவிட்டால் நஷ்டத்தில் ஒரு பங்கும் அங்கேதான் போகிறது. பலன் முழுவதும் தனக்கு வராத காரியத்துக்கு யாரும் முழுக் காசு கொடுக்கமாட்டார்கள். ஒரு மாடு வைத்துப் பிழைப்பவர் நிச்சயம் கொடுக்கமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இப்படி ஊர் கூடி ஒரு நோயை ஒழித்த அனுபவம் நமக்கு உண்டு. ஒரு காலத்தில் மந்தை மந்தையாக மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோய், இந்தியாவில் கடைசியாகத் தென்பட்டது 1995இல் நம் வடஆற்காடு பகுதியில். (1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து தயாரித்துவரும் ராணிப்பேட்டை நிலையம் இருப்பதும் அதே பகுதியில்தான்!) 2011இல் உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதர்களின் பெரியம்மைக்குப் பிறகு உலகத்தை விட்டே துரத்தப்பட்ட நோய் அது ஒன்றுதான்.

அப்படியானால் கோமாரியை ஏன் இன்னும் துரத்த முடியவில்லை? வெக்கை வைரஸ் ஒரே வகைதான். ஒரு ஊசி ஆயுளுக்கும் காத்தது. நோயிலிருந்து மீண்ட மாடு வைரஸைச் சுமந்து திரியவில்லை. கோமாரியில் இந்த மூன்றுமே தலைகீழ். அதில் ஏழு வகைகள் உண்டு. ஒன்றுக்கான எதிர்ப்பு மற்றதைத் தடுக்காது. இந்தியாவில் சுற்றுவது ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்று. அதனால் நம் ஊசியிலும் மூன்றுக்கும் மருந்து சேர்ந்தே இருக்கும். ஊசியின் காப்பு ஆறு மாதத்துக்குத்தான். மீண்ட மாட்டின் தொண்டைப் பகுதியில் வைரஸ் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட ஒளிந்திருக்கும்.

சரி, அந்த மருந்துக் குப்பிக்குள் என்னதான் இருக்கிறது? ஆலையில் செல்களின் மேல் வைரஸை வளர்த்து, வேதிப்பொருளால் அதன் மரபுப்பொருளைச் செயலிழக்க வைத்து, எண்ணெயோடு கலந்து குழம்பாக்குகிறார்கள். உடலுக்கு அடையாளம் காட்டுவது வைரஸின் வெளிக்கூடு. பன்னிரண்டு துண்டுகள் பொருந்தி உருண்டையாக நிற்கிற கூடு அது. உருண்டை முழுசாக இருந்தால்தான் மாட்டின் உடல் சரியான எதிர்ப்பொருளை உருவாக்கும். சூடு பட்டால் பன்னிரண்டும் கழன்றுவிடும். கழன்றவை குப்பிக்குள்தான் இருக்கும், மருந்தின் நிறமும் மாறாது, ஊசியும் வழக்கம்போல் ஏறும். காப்பு மட்டும் வராது. ஓ வகையின் கூடு இதில் மிகவும் நொய்மையானது; நம் நாட்டில் அதிகம் கோமாரியைக் கிளப்புவதும் அதே ஓ வகைதான். சூடுதான் ஆகாதே என்று ஃப்ரீசரில் வைத்தாலும் கெட்டது, எண்ணெய்க் குழம்பு பிரிந்துபோகும். 2 டிகிரிக்குக் கீழேயும் போகக்கூடாது, 8 டிகிரிக்கு மேலேயும் போகக்கூடாது. ஆலையிலிருந்து மாவட்டக் கிடங்கு, அங்கிருந்து கால்நடை மருந்தகத்தின் குளிர்சாதனப் பெட்டி, அப்புறம் ஐஸ் பேக் வைத்த தோள்பெட்டியில் வெயிலில் கடைசித் தொழுவம் வரை. மருந்து விலையை மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் குளிருக்கு ஆகும் செலவை மறந்துவிடுகிறார்கள். திட்டம் தோற்றால் பெரும்பாலும் இங்கேதான் தோற்கும் என்பது என் எண்ணம்.

காப்பு ஆறு மாதத்துக்குத்தான் என்பதால், ஆண்டுக்கு இரண்டு சுற்று. ஒவ்வொரு சுற்றையும் சில வாரங்களுக்குள் முடித்தாக வேண்டும். ஒரு ஊரில் ஜனவரியிலும் பக்கத்து ஊரில் ஏப்ரலிலும் போட்டால், எந்த நேரத்திலும் ஏதோ ஒரு ஊர் காப்பில்லாமல் இருக்கும். வைரஸ் அங்கே தங்கிக்கொள்ளும். கன்றுகளின் கணக்கு வேறு. சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையே மறித்துவிடும். அதனால் நான்கு மாதம் ஆனதும் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, அதற்குப் பிறகே ஆறு மாதச் சுற்றில் சேர்க்கிறார்கள்.

எந்த மாட்டுக்குப் போட்டாயிற்று என்பது எப்படித் தெரியும்? அதற்குத்தான் காதில் அந்த மஞ்சள் வில்லை. 12 இலக்க எண்ணைச் செயலியில் பதிந்தால், அந்த மாட்டின் ஊசி வரலாறு முழுவதும் வந்துவிடும். மாடு விற்கப்பட்டு வேறு மாவட்டத்துக்குப் போனாலும் எண் கூடவே போகும். 2019 கணக்கெடுப்பில் நாட்டின் கால்நடைகள் 53.58 கோடி. அத்தனையையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிச் சமாளிக்க முடியாது.

“ஊசி போட்டா பால் குறையுது சார்” என்பது எல்லா ஊரிலும் கேட்கிற பேச்சு. பொய்யில்லை. எதிர்ப்பு உருவாகும்போது லேசான காய்ச்சல் வரலாம், இரண்டு மூன்று நாள் கறவை இறங்கலாம், பிறகு சரியாகிவிடும். தினப் பால் காசில் குடும்பம் நடத்துபவருக்கு மூன்று நாள் என்பது சின்ன விஷயம் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுகிற ஊழியரை அடுத்த சுற்றிலும் தொழுவத்துக்குள் விடுவார்கள்.

ஊசி போட்டதோடு வேலை முடியவில்லை. மாதிரிக்குச் சில மாடுகளின் இரத்தத்தை, ஊசிக்கு முன்பும் 28 நாள் கழித்தும் எடுத்துச் சோதிக்கிறார்கள். எதிர்ப்பொருள் போதிய அளவுக்கு ஏறவில்லையென்றால், மருந்தின் தரத்திலோ குளிரிலோ எங்கோ கோளாறு. இன்னொரு சோதனை இதைவிட நுட்பமானது. தடுப்பு மருந்தில் இருப்பது வைரஸின் கூடு மட்டும்தான்; மற்ற புரதங்களைச் சுத்திகரிப்பில் நீக்கிவிடுகிறார்கள். உயிருள்ள வைரஸோ மாட்டுக்குள் பெருகுவதற்காக வேறு சில புரதங்களையும் உண்டாக்கும். அந்தப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தால், மாடு வெளிப்பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும், உண்மையான வைரஸ் அதன் உடலில் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். ஊர் முழுக்க ஊசி போட்ட பிறகும் வைரஸ் கமுக்கமாகச் சுற்றுகிறதா என்பதை இப்படித்தான் பிடிக்கிறார்கள். புவனேஸ்வர் அருகே அருகுலில் உள்ள தேசிய கோமாரி ஆய்வு நிறுவனத்தின் முக்கிய வேலைகளில் இதுவும் ஒன்று. 2030க்குள் கோமாரியை ஒழிப்பது என்ற இலக்கை எட்டினோமா இல்லையா என்பதையும் இந்தச் சோதனைதான் சொல்லும்.

புருசெல்லோசிஸ் வேறு கதை. சினை மாட்டைக் கன்று வீசச் செய்யும் பாக்டீரியா அது, மனிதருக்கும் தொற்றும். அதற்கு 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு மட்டும், ஆயுளில் ஒரே ஒரு ஊசி. மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலையலாம், காளைக் கன்றுக்குப் போட்டால் விதை வீங்கலாம். போடுகிறவர் கையில் ஊசி தவறிக் குத்திவிட்டால் அவருக்கே நோய் வரலாம், அதனால்தான் கையுறை, கண்ணாடி எல்லாம்.

அடைப்பான், சப்பை நோய் போல இடத்துக்கு இடம் மாறுகிற நோய்களுக்கான செலவை மத்திய அரசும் மாநிலமும் பொதுவாக 60க்கு 40 என்று பகிர்ந்துகொள்கின்றன. தடுப்பூசியே இல்லாத நோய் வந்தால்தான் சிக்கல். 2020இல் அசாமில் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு நம்மிடம் ஊசி கிடையாது. நோய் உறுதியானால் சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றிகளைக் கொன்று புதைப்பதுதான் வழி. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோய் அறிகுறி தெரிந்ததும் தகவல் சொல்வது வளர்ப்பவரின் கடமை. ஆனால் தகவல் சொன்னால் நன்றாக இருக்கிற பன்றிகளும் சேர்ந்து போய்விடும் என்று தெரிந்தால் யார் வாய் திறப்பார்கள்? கொல்லப்படும் பிராணிக்கு மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக இழப்பீடு தருவது இதற்காகத்தான். அந்தப் பணம் தாமதமாக வந்தாலோ சந்தை விலைக்கு ரொம்பக் கீழே இருந்தாலோ, அடுத்த முறை பன்றிகள் இரவோடு இரவாக வண்டியேறிவிடும், வைரஸும் கூடவே போகும்.