பெயரின் கடைசியில் இருக்கும் ‘டி’யைப் பாருங்கள்

போன வாரம் மறுபடியும் அதே ஸ்கிரீன்ஷாட் வந்தது. ‘எம்எஸ்விசிபி140டி.டிஎல்எல் கிடைக்காததால் நிரலைத் தொடங்க முடியவில்லை’ என்று சொல்லும் சின்னப் பெட்டி. டிஎல்எல் என்பது ஒரு செயலி ஓடுவதற்குத் தேடி ஏற்றிக்கொள்ளும் துணை நிரல் கோப்பு. நாங்கள் சிலர் சேர்ந்து பராமரிக்கும் திறமூல விண்டோஸ் செயலியைத் திறந்தபோது வந்த பெட்டி அது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் ஒரு பிழையைத் திருத்தி, தன் கணினியில் பில்ட் செய்து, அதாவது மூலநிரலை ஓடக்கூடிய எக்ஸி கோப்பாக மாற்றி, புகார் சொன்ன பயனருக்கே அதை அனுப்பி ‘ஓட்டிப் பாருங்கள்’ என்று சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் பயனர் கோப்பின் பெயரைத் தேடுபொறியில் போட்டு, முதலில் வந்த ‘இலவச டிஎல்எல்’ தளத்திலிருந்து இறக்கி, சிஸ்டம்32 ஃபோல்டரில் வைத்துவிட்டார். செயலி அடுத்து இன்னொரு டிஎல்எல் கேட்டது. அதையும் இறக்கினார். மூன்றாவதையும் போட்ட பிறகு சி000007பி என்ற எண்ணோடு வேறொரு பிழை. அப்போதுதான் எனக்கு எழுதினார்.

இப்படி ஒரு செய்தி வராத மாதமே இல்லை. அதனால் ஒருமுறை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெயரை நன்றாகப் பாருங்கள். 140க்குப் பின்னால் ஒரு டி இருக்கிறது. டீபக், அதாவது பிழை தேடுதல், என்பதன் டி அது. நிரல் எழுதுகிறவர் பிழை தேடத் தனக்காகச் செய்துகொள்வது டீபக் பில்ட், பயனர்களுக்குக் கொடுப்பது ரிலீஸ் பில்ட். விஷுவல் ஸ்டூடியோவில் டீபக் பில்ட் செய்த எக்ஸி எம்எஸ்விசிபி140டி, விசிரன்டைம்140டி, யுசிஆர்டிபேஸ்டி போன்ற கோப்புகளைத் தேடும். அவை விஷுவல் ஸ்டூடியோவோடு வருபவை, நிரல் எழுதுகிறவரின் கணினிக்கு உரியவை. பிறருக்குக் கொடுக்க மைக்ரோசாஃப்டின் உரிமமே இடம் தருவதில்லை. ஆக, பயனரின் கணினியிலிருந்து எந்தக் கோப்பும் தொலைந்துபோகவில்லை. தொலையாத ஒன்றை அவர் தேடிக்கொண்டிருக்கிறார். தவறான பில்ட் கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். டி இல்லாமல் விசிரன்டைம்140.டிஎல்எல் என்று மட்டும் கேட்டால் விஷயம் வேறு. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை இறக்கி நிறுவினால் சரியாகிவிடும். 2015 முதல் 2022 வரையிலான விஷுவல் ஸ்டூடியோக்கள் அனைத்துக்கும் அந்த ஒரே தொகுப்புதான்.

டிஎல்எல் என்பது படக் கோப்பு மாதிரி சும்மா கிடப்பது அல்ல. செயலிக்குள் ஏறிய கணமே அதிலுள்ள நிரல் ஓடத் தொடங்கும். அந்தச் செயலிக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையும் அதற்கும் கிடைக்கும். முகம் தெரியாத ஒருவர் ஏற்றிவைத்த கோப்பைக் கொண்டுபோய் சிஸ்டம்32க்குள் வைக்கிறீர்கள் என்றால், வீட்டுச் சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அப்புறம் அந்த சி000007பி. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள், 32 பிட் கோப்புகள் இருப்பது சிஸ்வாவ்64 ஃபோல்டரில். பெயரைப் பார்த்து மாற்றிப் போடாதவர் குறைவு. 64 பிட் செயலிக்குள் 32 பிட் டிஎல்எல் ஏறப்போனால் பெரும்பாலும் அந்த எண்தான் வரும். ஏற்கெனவே இப்படிச் செய்திருந்தால், நீங்கள் போட்ட கோப்புகளை மட்டும் நீக்குங்கள். முழு வைரஸ் சோதனை ஓட்டுங்கள். பிறகு நிர்வாகி உரிமையோடு, விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டுங்கள்.

சரி, பில்ட் அனுப்பியவரிடம் வருகிறேன். ஏன் டீபக் பில்டைக் கொடுத்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: ‘ரிலீஸ் பில்டை டீபக் செய்ய முடியாதே.’ எனக்குப் பொறுக்க முடியாத பேச்சு இது. முடியும். தினமும் செய்கிறேன். ஒரு செயலி எந்த வரியில் விழுந்தது என்று காட்டுவது பிடிபி கோப்பு. ரிலீஸ் பில்டுக்கும் பிடிபி உருவாக்கலாம். பில்டை அமைத்துத் தரும் சிமேக் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் ரெல்வித்டெப்இன்ஃபோ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். சில மாறிகளின் மதிப்பு தெரியாமல் போகும், வரிகள் முன்பின்னாகத் தாவும். பழகிக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமானது, டீபக் பில்டில் நடப்பது பயனரிடம் நடப்பதே அல்ல. டீபக் பில்டில் ஹீப்பிலிருந்து, அதாவது செயலி ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகப் பகுதியிலிருந்து, புதிதாக ஒதுக்கும் நினைவகத்தைச் சிடி என்ற பதினாறடிமான பைட்டால் நிரப்பிவிடுவார்கள். ஒரு முறை, தொடக்க மதிப்பு கொடுக்காமல் விட்ட ஒரு பூலியன் (உண்மை அல்லது பொய் என்று மட்டும் இருக்கும்) உறுப்பைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன். சிடி என்பது பூஜ்யம் அல்ல, ஆகவே டீபக்கில் அது எப்போதும் ‘உண்மை’. என் மேசையில் செயலி ஒருமுறைகூட விழவில்லை. ரிலீஸில் அந்த இடத்தில் முன்பு என்ன கிடந்ததோ அதுதான் மதிப்பு, பயனரிடம் நாலு முறைக்கு ஒருமுறை விழுந்தது. அவரிடமிருந்து டம்ப் கோப்பு, அதாவது அந்த நேரத்துச் செயலி நினைவகத்தின் நகல், வாங்கி, அவர் ஓட்டிய அதே பில்டின் பிடிபியோடு திறந்தபோது பத்து நிமிடத்தில் வரி தெரிந்தது.

‘அதே பில்டின்’ என்பதைக் கவனியுங்கள். ‘மூலநிரல் அப்படியே இருக்கிறதே, மறுபடி பில்ட் செய்து பிடிபி எடுத்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள். முடியாது. நிரல் துண்டுகளை இணைத்து எக்ஸியாக்கும் லிங்கர் ஓடும்போது எக்ஸிக்குள்ளும் பிடிபிக்குள்ளும் ஒரே அடையாள எண் பதியும். மறுபடி பில்ட் செய்தால் வழக்கமாக எண் மாறிவிடும், டீபகர் பொருந்தவில்லை என்று கைவிரித்துவிடும். வெளியே போகும் ஒவ்வொரு எக்ஸிக்கும் அதன் பிடிபியை அன்றே பத்திரப்படுத்துங்கள்.

பயனர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயலி உறைந்து நின்றால், அல்லது பிழைப் பெட்டி இன்னும் திரையில் இருந்தால், மூடிவிடாமல் டாஸ்க் மேனேஜரில் அதன்மேல் வலது சொடுக்கி டம்ப் கோப்பு உருவாக்குங்கள். அதைப் பொதுவெளியில் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். அந்த நேரத்தில் செயலியின் நினைவகத்தில் இருந்ததெல்லாம் அதற்குள் இருக்கும்: திறந்திருந்த ஆவணம், கடவுச்சொல், எல்லாமே. பராமரிப்பவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

பில்ட் செய்கிறவர்களுக்கு இன்னும் சில. கிட்ஹப்பில் மூலநிரலை ஜிப்பாக இறக்காதீர்கள், சப்மாட்யூல் ஃபோல்டர்கள், அதாவது வேறு திட்டங்களிலிருந்து இணைத்தவை, காலியாகத்தான் வரும். கிட் கருவியில் ரிகர்சிவ் தெரிவோடு குளோன் (முழு நகல்) செய்யுங்கள். ஐந்து ஃபோல்டருக்குள் ஆழமாக வைக்காதீர்கள், 260 எழுத்துப் பாதை வரம்பு பல கருவிகளை இன்னும் இடறிவிடுகிறது. முந்நூறு பிழை வந்தால் முதல் பிழையை மட்டும் படியுங்கள், கடைசியை எனக்கு அனுப்பாதீர்கள். ஒரு ஹெடர் கோப்பு கிடைக்காததுதான் மிச்ச எல்லாவற்றுக்கும் காரணமாக இருக்கும். கம்பைலரை மாற்றினால் பழைய சிமேக் கேஷ் கோப்பை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். ஆன்டிவைரஸை மொத்தமாக அணைக்கச் சொல்லும் வழிகாட்டியை அந்த வரியோடு மூடிவிடுங்கள்.

யாருக்காவது எக்ஸி அனுப்பும் முன், விஷுவல் ஸ்டூடியோவோடு வரும் ‘டம்ப்பின்’ என்ற பெயருள்ள கருவியை டிபென்டன்ட்ஸ் தெரிவோடு அதன்மேல் ஓட்டுங்கள். அது தேடும் டிஎல்எல்களின் பட்டியல் வரும். 140டி என்று ஒன்று இருந்தாலும் அனுப்பாதீர்கள். பிறகு விஷுவல் ஸ்டூடியோ இல்லாத ஒரு கணினியில், அல்லது மூடினால் அழிந்துவிடும் தனி விண்டோஸான விண்டோஸ் சாண்ட்பாக்ஸில், ஒருமுறை திறந்து பாருங்கள். போன வாரத்துப் பில்டை அப்படிப் பார்த்திருந்தால் முதல் சொடுக்கிலேயே அந்தப் பெட்டி பங்களிப்பாளரின் திரையில் வந்திருக்கும்.