இணையம் இல்லாமல் அலுவலகச் செய்தி: எங்கே சிக்கும், எதை நம்பக் கூடாது

ஆடிட்டர் அலுவலகம், அச்சகம், ஸ்கேன் சென்டர் மாதிரி இடங்களில் கீழ்த்தளத்திலிருந்து மாடிக்கு ஒரு வரி சொல்ல வாட்ஸ்அப் தேவையில்லை. ஐபி மெசஞ்சர் போதும். ஜப்பானைச் சேர்ந்த ஹிரோஆகி ஷிரௌசு 1996இல் வெளியிட்ட இலவச மென்பொருள் இது; ஒரே அலுவலக நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள் தங்களுக்குள் செய்தியும் கோப்பும் அனுப்பிக்கொள்ள உதவும். சர்வர் கிடையாது, கணக்குத் தொடங்கும் வேலையும் இல்லை. திறந்ததும் "நான் வந்துவிட்டேன்" என்று நெட்வொர்க் முழுக்க ஒரு பிராட்காஸ்ட் (எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில் போகும் அறிவிப்பு) அனுப்பும். அதைக் கேட்ட கணினிகள் பதில் தர, பெயர்ப் பட்டியல் நிரம்பும். யுடிபி, டிசிபி என்பவை நெட்வொர்க்கில் தகவல் அனுப்பும் இரண்டு முறைகள்; போர்ட் என்பது கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல். செய்தி போவது யுடிபி 2425 போர்ட்டில், கோப்பு போவது டிசிபி 2425இல்.

வருகிற புகார்களில் பெரும்பாலானவை ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் தொடர்பை வடிகட்டும் விண்டோஸ் காவல், சம்பந்தப்பட்டவை. முதல்முறை திறக்கும்போது விண்டோஸ் அனுமதி கேட்கும். அட்மின் பாஸ்வேர்ட் தெரியாத ஊழியர் 'கேன்சல்' அழுத்தினால், "இதை உள்ளே விடாதே" என்று டிசிபிக்கு ஒன்றும் யுடிபிக்கு ஒன்றுமாக இரண்டு தடை விதிகளை விண்டோஸ் சத்தமில்லாமல் எழுதிவைத்துவிடும். பிறகு நீங்கள் 2425க்கு அனுமதி விதி சேர்த்தாலும் பலன் இருக்காது. அனுமதியும் தடையும் மோதினால் தடைதான் ஜெயிக்கும். அந்தக் கணினி மற்றவர் பட்டியலில் தெரியும், அதற்கு அனுப்பும் செய்தி மட்டும் போய்ச் சேராது. ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' (உள்ளே வருவதற்கான விதிகள்) திறந்து, செயலியின் பெயரில் சிவப்புக் குறியோடு இருக்கும் இரண்டையும் முதலில் அழியுங்கள். அதற்கப்புறம் அனுமதி விதி. அதிலும் ஸ்கோப்பை, அதாவது யாரிடமிருந்து வருவதை அனுமதிப்பது என்பதை, 'லோக்கல் சப்நெட்' (அதே நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள் மட்டும்) என்று சுருக்குங்கள். நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். பிங் (ஒரு கணினி எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) பதில் வரவில்லை என்று கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். விண்டோஸ் பல நேரம் பிங்கையே தடுத்துவைத்திருக்கும்.

அடுத்தது இரண்டாவது ரவுட்டர். மாடியில் சிக்னல் இல்லை என்று கடையில் ஒன்றை வாங்கி, கீழிருந்து வரும் கேபிளை அதன் 'வான்' (WAN, வெளி இணைப்புக்கான) துளையில் செருகிவிடுவார்கள். கணினிகளின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அவற்றின் அடையாள எண்) கீழே 192.168.1 வரிசை, மேலே 192.168.0 வரிசை என்று இரண்டு தனி நெட்வொர்க் ஆகிவிடும். இணையம் இரு தளத்திலும் வரும் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது, ஒருவர் பட்டியலில் மற்றவர் இருக்க மாட்டார். மாடி ரவுட்டருக்குக் கீழ்த்தளத்து முகவரி வரிசையிலேயே யாரும் பயன்படுத்தாத ஒரு முகவரி கொடுத்து, அதன் டிஎச்சிபியை (கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதியை) அணைத்து, கேபிளை 'லேன்' (LAN, உள் நெட்வொர்க்குக்கான) துளைக்கு மாற்றினால் தீர்ந்தது. வைஃபை வழி வருபவர்கள் மட்டும் தெரியவில்லையா? கெஸ்ட் வைஃபையில் இருப்பார்கள், அல்லது ஏபி ஐசோலேஷன் (வைஃபையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் தொடர்புகொள்ள விடாத செட்டிங்) போட்டிருக்கும்.

தமிழ்ச் செய்தி கேள்விக்குறிகளாக வந்தால், ஏதோ ஒரு கணினியில் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்குமான பொதுக் குறியீடு) ஆதரவு வருவதற்கு முந்தைய பதிப்பு இருக்கிறது. பென்டிரைவில் கைமாறி வரும் இன்ஸ்டாலரை ஒதுக்கிவிட்டு, அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஒரே பதிப்பை எல்லாக் கணினியிலும் போடுங்கள். கோப்பு விஷயத்தில் ஒன்று: கோப்பை இணைத்து அனுப்பியதும் அது எதிராளி கணினிக்குப் போய்விடுவதில்லை. அவர் சொடுக்கும்போதுதான் உங்கள் கணினியிலிருந்து எடுக்கிறது. ஆறு மணிக்கு ஜிஎஸ்டி ஃபைலை இணைத்துவிட்டு கணினியை அணைத்துப் போனால், மறுநாள் காலை "எடுக்க முடியவில்லை" என்று போன் வரும்.

"வெளியே போகாத நெட்வொர்க், அதனால் பாதுகாப்பு" என்று நிர்வாகத்தினர் சொல்வது பாதிதான் சரி. புதிய பதிப்புகள் செய்தியை இடையில் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்கின்றன. ஆனால் பேசும் இரு பக்கமும் அதை ஆதரிக்க வேண்டும். அதைவிடப் பெரிய ஓட்டை பெயர். செட்டிங்ஸில் பெயரும் குழுவும் அவரவர் தட்டச்சு செய்வதுதான். சரிபார்க்க யாரும் இல்லை. பயிற்சிக்கு வந்த பையன் 'எம்.டி.' என்று போட்டுக்கொண்டாலும் பட்டியலில் அப்படியே வரும். பட்டியலில் ஐபி முகவரிப் பத்தியையும் காட்டும்படி வையுங்கள், முக்கியக் கணினிகளுக்கு ரவுட்டரில் நிலையான முகவரி ஒதுக்குங்கள். அப்படியும், "இந்தக் கணக்குக்குப் பணம் போடு" என்று வந்தால் இன்டர்காமில் கேட்காமல் அக்கவுண்ட்ஸ் கை வைக்கக் கூடாது. பாஸ்வேர்ட், ஓடிபி, வாடிக்கையாளர் ஆதார் நகல் எதுவும் இதில் வேண்டாம்: உரையாடல் பதிவு அந்தந்தக் கணினியிலேயே கிடக்கும், சர்வீசுக்கு அனுப்பும் ஹார்ட் டிஸ்க்கோடு சேர்ந்து அதுவும் போகும்.