வாலட்டில் தெரியும் பிட்காயின் எப்போது நம்முடையதாகிறது?

கணக்குத் தணிக்கைப் பணியில் இருக்கும் என்னிடம், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்து, அதற்கான கட்டணத்தைப் பிட்காயினில் பெற ஒப்புக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் வந்திருந்தார். பிட்காயினைப் பெறவும் அனுப்பவும் உதவும் வாலட் செயலியில் தொகை தெரிந்த உடனேயே அவர் வேலையை ஒப்படைத்துவிட்டார். மறுநாள் அந்தத் தொகையைக் காணவில்லை. யாரோ வாலட்டுக்குள் புகுந்து திருடிவிட்டார்கள் என்று நினைத்துப் பதறினார். பதிவுகளைப் பார்த்தபோது, அந்தப் பணம் அவருக்கு வந்து சேர்ந்திருக்கவே இல்லை என்பது தெரிந்தது.

பிட்காயினில் வங்கியைப் போலக் கணக்கு இருப்பு என்று தனியாக ஒன்றும் எழுதி வைக்கப்படுவதில்லை. ஒருவருக்கு முன்பு வந்து, இன்னும் செலவாகாமல் கிடக்கும் வரவுகளின் கூட்டுத்தொகையையே வாலட் இருப்பாகக் காட்டுகிறது. பணம் அனுப்புபவர், இன்ன வரவிலிருந்து இன்ன முகவரிக்கு இவ்வளவு செல்லட்டும் என்ற பரிவர்த்தனைச் செய்தியைத் தமக்கு மட்டுமே தெரிந்த ரகசிய எண்ணான பிரைவேட் கீயால் கையொப்பமிட்டு வலையமைப்பில் விடுகிறார். அதைப் பெறும் ஒவ்வொரு கணினியும், கையொப்பம் சரியா, அந்த வரவு ஏற்கெனவே செலவழிக்கப்பட்டதா, வரவைவிட மிகுதியாக அனுப்பப்படுகிறதா என்பவற்றைத் தானே சோதித்த பிறகுதான் அடுத்த கணினிகளுக்குக் கடத்துகிறது. தேறிய செய்திகள் மெம்பூல் எனப்படும் காத்திருப்பு இடத்தில் தங்குகின்றன.

இளைஞர் பார்த்தது இந்தக் கட்டத்தைத்தான். மெம்பூலில் இருக்கும்போதே, அனுப்பியவர் அதே வரவைக் கூடுதல் கட்டணத்துடன் தமது இன்னொரு முகவரிக்கு மாற்றி மீண்டும் கையொப்பமிட முடியும். பரிவர்த்தனைகளைப் பொதுப் பதிவில் சேர்த்து அதற்கான கட்டணத்தைப் பெறுபவர்கள், அதாவது மைனிங் செய்பவர்கள், பெரும்பாலும் அதிகக் கட்டணம் உள்ளதையே எடுத்துக்கொள்வதால், முதல் செய்தி செல்லாமல் போய்விடுகிறது. தொகைக்கு அருகே 'உறுதியாகவில்லை' என்ற சொல் சிறிய எழுத்தில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

உறுதியாவது என்பது, பரிவர்த்தனை ஒரு பிளாக்கினுள், அதாவது பொதுப் பதிவின் ஒரு தொகுப்பினுள், இடம்பெறுவதாகும். மைனிங் செய்பவர்கள் பரிவர்த்தனைகளை ஒரு பிளாக்காகத் திரட்டி, அதன் ஹேஷ் (எஸ்.எச்.ஏ-256 என்ற முறையில் தரவிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வரும்வரை எண்களை மாற்றி மாற்றி முயல்கிறார்கள். சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக் அமையும்படி, 2016 பிளாக்குகளுக்கு ஒரு முறை அந்த அளவு மாற்றியமைக்கப்படுகிறது. ஒவ்வொரு பிளாக்கும் முந்தைய பிளாக்கின் ஹேஷைச் சுமப்பதால், பழைய பதிவு ஒன்றைத் திருத்த முயல்பவர் அதற்குப் பின்வந்த அத்தனை பிளாக்குகளுக்கும் அதே உழைப்பை மீண்டும் செய்ய வேண்டும். பெருந்தொகைக்கு ஆறு பிளாக்குகள் வரை காத்திருக்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டது.

அந்த ஆறும்கூட ஒரு நிகழ்தகவுக் கணக்கே. 2013 மார்ச்சில், பிட்காயின் மென்பொருளின் 0.8 பதிப்பு ஏற்றுக்கொண்ட ஒரு பிளாக்கைப் பழைய பதிப்புகள் ஏற்க மறுத்ததால், பிளாக்குகளின் சங்கிலி இரண்டாகப் பிரிந்து சில மணி நேரம் தனித்தனியே வளர்ந்தது. மைனிங் செய்பவர்கள் பழைய பதிப்பின் சங்கிலிக்கே திரும்ப இசைந்தபோது, மறுபக்கத்தில் இருந்த 24 பிளாக்குகள் கைவிடப்பட்டன. அவற்றில் உறுதியாகியிருந்த ஒரு தொகை இரண்டாம் முறையும் செலவழிக்கப்பட்டது. தாக்கும் நோக்கம் எதுவும் இல்லாமல், பதிப்பு வேறுபாடு ஒன்றினாலேயே இது நேர்ந்தது என்பதை நான் கட்சிக்காரர்களிடம் மறக்காமல் சொல்கிறேன். பிட்காயினைப் போன்ற இன்னொரு வலையமைப்பான எத்தீரியம் 2022 செப்டம்பர் 15 முதல் மைனிங்கைக் கைவிட்டு, அதன் நாணயமான ஈத்தரில் குறைந்தது 32 பிணையாக வைத்தவர்களின் வாக்குகளால் இயங்குகிறது; அங்கே இறுதியாக உறுதியாக ஏறத்தாழ 13 நிமிடங்கள் ஆகும்.

இத்தனை சோதனைகளும் கையொப்பத்தையும் வரவையும் பற்றியவை மட்டுமே. முகவரிக்குப் பின்னால் இருப்பவர் யார், அனுப்பியவர் ஏமாற்றப்பட்டாரா என்பதை எந்தக் கணினியும் கேட்பதில்லை. மோசடிக்காரரை நம்பி அனுப்பிய தொகையும் ஆறு பிளாக்குகளில் அழுத்தமாக உறுதியாகிவிடும், அதைத் திருப்பித் தரச் சொல்லி முறையிட ஓர் அலுவலகமும் கிடையாது. ஆகவே கட்சிக்காரர்கள் கொண்டுவரும் திரைப்பிடிப்புகளை வரவுக்குச் சான்றாக நான் ஏற்பதில்லை. பரிவர்த்தனை அடையாள எண்ணையும் அது இடம்பெற்ற பிளாக்கின் எண்ணையும் வாங்கி, பொதுப் பதிவில் நானே தேடிப் பார்த்த பிறகுதான் கணக்கில் எழுதுகிறேன்.