புறமுதுகு காட்டத் தெரிந்த நாய்

அமெரிக்காவின் வயோமிங், யூட்டா, ஐடஹோ பக்கம் செம்மறியாடு வளர்ப்பவர்களுக்கு மே, ஜூன் மாதங்கள் வந்தாலே தூக்கம் போய்விடும். ஈன்ற ஆடுகள் குட்டிகளோடு மேய்ச்சலுக்குப் போகும் நேரம் அது. கொயோட்டிகளின் வளையிலும் அப்போது குட்டிகள் இருக்கும். கொயோட்டி ஓநாயின் நெருங்கிய உறவு, உருவத்தில் சிறியது. அந்த நாட்டில் காட்டு விலங்குகளுக்கு இரையாகும் ஆடுகளில் பாதிக்கு மேல் இதன் கணக்கில்தான் சேர்கிறது.

ஆனால் எல்லாக் கொயோட்டியும் ஆட்டைக் கொல்வதில்லை. கலிஃபோர்னியாவின் ஹாப்லாண்ட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1990-களில் கொயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை மாட்டிக் கவனித்தார்கள். ஆடுகளைக் கொன்றவை பெரும்பாலும் அந்த நிலப்பரப்பைத் தன் எல்லையாக வைத்திருந்த, குட்டி போடும் ஜோடிகள்தான். பொறியிலும் சுருக்குக் கண்ணியிலும் அதிகம் மாட்டியதோ விவரம் தெரியாத இளசுகள். அதாவது, செத்த கொயோட்டிகளின் எண்ணிக்கை கூடும், ஆட்டுக்குட்டிகள் சாவதும் நிற்காது. சராசரியாக ஆறு குட்டிகளின் வயிற்றை நிரப்ப வேண்டிய ஜோடிக்கு, எலியையும் முயலையும் தேடி அலைவதைவிட ஓர் ஆட்டுக்குட்டியை அடிப்பது லாபம். யூட்டாவில் கொயோட்டி ஜோடிகளுக்குக் கருத்தடை செய்து திருப்பி விட்டுப் பார்த்தார்கள். எல்லையில் அதே ஜோடிதான் இருந்தது, குட்டிகள் மட்டும் இல்லை. ஆடுகள் சாவது குறைந்துவிட்டது.

அந்தக் குறிப்பிட்ட ஜோடியை எப்படிப் பிடிப்பது? இங்கேதான் நாய் வருகிறது.

கூடு கட்டிய கரிச்சான் தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தை விரட்டிக் கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். குட்டி போட்ட கொயோட்டியும் அப்படித்தான். வளைக்குப் பக்கத்தில் வரும் நாய் அதன் கண்ணுக்குக் குட்டிகளைக் கொல்ல வந்த எதிரி. ஓநாய்கள் கொயோட்டிகளைக் கொல்வது வழக்கம் என்பதால் இந்தப் பயம் காரணமில்லாததும் அல்ல. நகரப் பூங்காக்களில்கூட, குட்டிகள் இருக்கும் காலத்தில், நாயோடு நடப்பவரின் பின்னாலேயே வந்து தன் எல்லையைத் தாண்டும்வரை கொயோட்டி வழியனுப்பி வைக்கும்.

அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்கு சேவைப் பிரிவினரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். விடியற்காலையில், காற்று தம் வாடையை வளைப் பக்கம் கொண்டுபோகாத இடமாகப் பார்த்து உட்கார்கிறார்கள். அயல் கொயோட்டி ஒன்று எல்லைக்குள் வந்துவிட்டதுபோல ஊளைக் குழலை ஊதுகிறார்கள். பதில் ஊளையோ உறுமலோ வந்தால் நாய் அந்தத் திசையில் போகிறது. கொயோட்டி முதுகு மயிர் சிலிர்க்க, பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்து வரும். உடனே நாய் திரும்பித் தன் ஆளை நோக்கி ஓடி வர வேண்டும். கொயோட்டி அதன் பின்னங்காலைக் கவ்வப் பார்த்துக்கொண்டே துரத்தும். பாதி வழியில் அதற்குச் சந்தேகம் வந்து நின்றுவிட்டால், நாய் திரும்பி நாலு எட்டு எதிர்த்துப் போய் மறுபடி சீண்டும். மற்ற நேரத்தில் மனித வாடை பட்டாலே காணாமல் போகிற விலங்கு, நாயின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் துப்பாக்கிக்கு முன்னால் வந்து நிற்கும்.

இதற்கு வீராதி வீரனான நாய் உதவாது. கடித்துக் குதறப் பார்க்கும் நாயைக் கண்டால் கொயோட்டி ஓடிவிடும். பயந்தாங்கொள்ளியும் வேண்டாம், அது ஆளின் காலைவிட்டு நகராது. போகத் துணிவும் திரும்பி ஓடும் புத்தியும் சேர்ந்திருக்க வேண்டும், அது லேசில் அமைவதில்லை. மவுண்டன் கர், பிளாக் மவுத் கர், கேட்டஹூலா போன்ற இனங்களையும் அவற்றின் கலப்பையும் விரும்புகிறார்கள். என்னைக் கேட்டால் இனத்தைவிடக் குணம்தான் முக்கியம். உடம்பு ஏறக்குறைய கொயோட்டி அளவில், கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ரொம்பப் பெரியது மிரட்டிவிடும், சின்னது கடிபட்டுச் சாகும். நிறமும் பார்க்க வேண்டும். கொயோட்டி பழுப்புச் சாம்பல் நிறம், நாயும் அப்படியே இருந்தால் தூசியிலும் புதரிலும் சுடுபவர் ஏமாந்துவிடலாம். பளிச்சென்ற பட்டை கட்டுவது இதற்காகத்தான்.

இளம் நாய்க்குப் பெரும்பாலும் மூத்த நாய்தான் வாத்தியார். இரண்டையும் சேர்த்து அனுப்பினால் ஒன்றுக்கொன்று தைரியமும் கிடைக்கும், ஜோடியாக வரும் கொயோட்டிகளிடம் ஒற்றை நாய் சிக்காமலும் இருக்கும். அதற்கு முன்பே ஆட்டையும் மானையும் கண்டால் துரத்தாத பழக்கம் ஏறியிருக்க வேண்டும். அது வராத நாயை மேய்ச்சல் நிலத்தில் அவிழ்த்துவிடவே கூடாது. கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை, ரேபிஸ், டிஸ்டம்பர், பார்வோ தடுப்பூசிகள் எல்லாம் கட்டாயம். கொயோட்டியிடமிருந்து சொறியும் தொற்றும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்து, நாய்க்குத் தண்ணீர் காட்ட வேண்டும்.

கொல்லும் வழிகளில் இதை நான் ஆதரிப்பதற்குக் காரணம், ஆட்டைக் கொல்லும் வாய்ப்பு அதிகமுள்ள ஜோடியையே இது தேடிப் போகிறது என்பதுதான். ஆடு சாகாத இடத்தில் இதே உத்தியைப் பொழுதுபோக்குக்காகச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே சாவது தன் குட்டியைக் காக்க வந்த தாயோ தகப்பனோதான். பெற்றவை இரண்டும் போய்விட்டால் வளைக்குள் குட்டிகள் பட்டினியில் சாகும். அதே நாய்கள் மோப்பம் பிடித்து வளையைக் காட்டும். அதைத் தேடிப் போய் அந்தக் குட்டிகளைத் துன்பமில்லாமல் முடிப்பதும் சுட்டவரின் பொறுப்பு.

கிடையில் காவல் நாய்கள் இருந்தால் மேய்ப்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிரேட் பிரனீஸ் போன்ற காவல் நாய்க்கு, அயல் நாயும் கொயோட்டியும் ஒன்றுதான். தப்பி ஓடி வரும் நாயை அது வழியிலேயே மறித்துத் தாக்கிவிடும். அதனால் வேலை முடியும்வரை காவல் நாய்களைக் கட்டிப்போடுவார்கள், இல்லாவிட்டால் கிடையை விட்டு வெகுதூரம் தள்ளிப் போய் ஊதுவார்கள்.