குழந்தை வேண்டுமென்றால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி வேண்டாம்

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளில் சில கணவர்கள் நல்ல கட்டுமஸ்தான உடம்போடு வருவார்கள். விந்துப் பரிசோதனை அறிக்கையில் ஒரு விந்தணுகூட இருக்காது. பொறுமையாக விசாரித்தால், ஜிம்மில் யாரோ சொல்லி டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டிருப்பது தெரியவரும். “ஆண்மை ஹார்மோன்தானே டாக்டர், அதைப் போட்டால் விந்தணு கூடத்தானே வேண்டும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உடலுக்குள் நடப்பது நேர்எதிர்.

விந்தணு உருவாக, விரைக்குள்ளேயே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். ரத்தத்தில் இருப்பதைவிட அங்கே அது பல மடங்கு அதிகம். அதைச் சுரக்கத் தூண்டுவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் எல்.ஹெச். ஹார்மோன். ஊசி போட்டதும் ரத்தத்தில் அளவு ஏறிவிடுவதால் பிட்யூட்டரி எல்.ஹெச்., விந்தணு உற்பத்தியைத் தூண்டும் இன்னொரு ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச். இரண்டையும் குறைத்துவிடுகிறது. விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் சரிந்து, விந்தணு உற்பத்தியும் நின்றுபோகிறது. இதே ஊசியை வாரம் 200 மில்லிகிராம் கொடுத்து, ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்திருக்கிறது. 1990-இல் வெளியான அந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு விந்தணு அறவே இல்லாமல் போனது.

எண்ணிக்கை மட்டுமல்ல, தரமும் ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. விரையிலிருந்து வெளிவரும் விந்தணுவால் முன்னோக்கி நீந்த முடியாது, முட்டையோடு சேரவும் முடியாது. விரையின் பின்பக்கம் எபிடிடிமிஸ் என்ற குழாய் சுருண்டு கிடக்கிறது. பிரித்து நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். அதைக் கடக்கும் நாட்களில்தான் விந்தணு முதிர்கிறது. அதன் டி.என்.ஏ. மிக இறுக்கமாக மடிந்திருப்பதால், தனக்கு வேண்டிய புதுப் புரதங்களை அதுவே செய்துகொள்ள முடியாது. குழாயின் சுவர்ச் செல்கள் புரதங்களைச் சுரந்து, சிலவற்றை நுண்ணிய பைகளில் வைத்து, அதற்குக் கொடுக்கின்றன. கருப்பை வாய்ச் சளியைக் கடக்க ஒன்று, முட்டையின் மேலுறையில் ஒட்ட இன்னொன்று என்று குழாயின் தலை, நடு, வால் பகுதிகளில் வெவ்வேறு புரதங்கள் சேர்கின்றன. இந்தச் செல்களை இயக்குவது, டெஸ்டோஸ்டிரோனும் அதிலிருந்து அங்கேயே உருவாகும் டி.ஹெச்.டி. என்ற ஹார்மோனும்தான்.

சரி, ஊசியை நிறுத்தினால்? பெரும்பாலானவர்களுக்கு விந்தணு திரும்பி வரும். ஆனால் ஒரு சுற்று உற்பத்திக்கே இரண்டரை மாதம்போல ஆவதால் உடனே வராது. பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு ஒரு வருடத்தைத் தாண்டலாம். உண்மையிலேயே டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு இருந்து ஊசி போடுபவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம். குழந்தை வேண்டும் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். விரையையே சுரக்கத் தூண்டும் ஹெச்.சி.ஜி. போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன. முடி உதிர்வுக்கு எடுக்கும் ஃபினாஸ்டிரைடு டி.ஹெச்.டி.யைக் குறைக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.

போட்ட ஊசியைக் கணவர் மறைப்பதால், மனைவிக்குத் தேவையில்லாத ஸ்கேனும் மாத்திரையும் மாதக்கணக்கில் தொடர்வதைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். மனைவி எதிரில் சொல்லத் தயக்கமாக இருந்தால், மருத்துவரிடம் தனியாகப் பேச நேரம் கேளுங்கள்.